தரையிலிருந்து எரிந்த தீ

அக்டோபர் 12, ஞாயிறு

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கும் பேனாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாத்திரையைக் கூட்டியும் ரத்தக் கொதிப்பு இறங்கவில்லை. "சிவமலைண்ணா, கோவம் வந்தாக் கையத் தூக்காதீங்க, பேனாவத் தூக்குங்க. நடந்தத அப்படியே எழுதுங்க, பாதி எறங்கிரும்" என்றார். காங்கயம் வட்டாரத்தில் என்னிடம் இப்படிப் பேசிவிட்டு முழுப் பல்லோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். உரக்கடையில் கொடுத்த டைரி வருஷம் பிறந்ததிலிருந்து சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன்.

இன்று வந்த கோபம்: லாரிக்காரன் வாடகையைக் கூட்டிக் கேட்டான். செல்போனைச் சுவரில் அடித்தேன். போன் போய்விட்டது, சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதி இறங்கியதா என்று தெரியவில்லை, டாக்டர்.

அக்டோபர் 16, வியாழன்

மழை. களத்தில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பு அரைகுறையாகத்தான் காய்ந்திருந்தது. ஆட்களை விரட்டி அள்ளிக் குடோனுக்குள் குவித்தோம். வெயில் கிடைத்தால் இது கொப்பரை. கிடைக்காவிட்டால் பூஞ்சை. பூஞ்சை பிடித்த சரக்கை எண்ணெய் மில்காரன் காலால்கூடத் தள்ளமாட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ராக்கியப்பன் சட்டை நனையாமல் உட்கார்ந்திருக்கிறான். என் சித்தப்பன் மகன், பங்காளி, என்னைவிட இளையவன். அவனுக்கும் கொப்பரைதான் தொழில். போன வருஷம் மானியத்தில் சோலார் டிரையர் போட்டுவிட்டான். கண்ணாடி வீடு மாதிரி ஒன்று; மழை வந்தால் உள்ளே ஹீட்டர் ஓடும். அவன் சரக்கு மல்லிகைப் பூவாக வெளுத்து வருகிறது. வியாபாரிகள் என் களத்தைத் தாண்டி அவன் களத்துக்குப் போகிறார்கள். போகிறபோது எனக்கு ஒரு கும்பிடு வேறு.

இன்று வேலியோரம் வந்து நின்றான். "அண்ணா, எங்க டிரையர் நாளைக்குக் காலியாயிரும். உங்க பருப்பக் கொண்டாந்து கொட்டிக்கிங்க. தீவாளி நோம்பிக்குள்ள ஒணந்துரும்."

"உன்ற டிரையர்ல ஒணத்தறதுக்கு நான் அத ஆத்துல கொட்டிருவேன், போடா" என்றேன்.

சுகந்தாமணி கேட்டுக்கொண்டே நின்றாள். என் வீட்டுக்காரி. பேச்சு குறைவு, பார்வை அதிகம். உள்ளே வந்ததும் ஆரம்பித்தாள்.

"அப்ப என்ன பண்ணப் போறீங்க? மறுக்காப் பொகை போடப் போறீங்களா? குடோனுக்குள்ள வேண்டாமுங்க. போன வருசம் தார்ப்பாய் பொசுங்குனது மறந்து போச்சுங்களா?"

புகை போடாதவன் இந்தத் தொழிலில் யார்? ஈரப் பருப்பைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் இரும்புச் சட்டியில் நெருப்புக் கங்குகளை வைத்துக் கந்தகத்தைக் கொட்டினால் பூஞ்சையும் சாகும், சரக்கும் வெளுக்கும். தின்கிற பண்டத்துக்குக் கந்தகம் ஆகாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். அவர்களா வந்து என் கடனைக் கட்டப் போகிறார்கள்?

"வாய மூடு" என்றேன். மூடிவிட்டாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

குடோன் போச்சு.

அக்டோபர் 21, செவ்வாய்

நடந்ததை எழுதுகிறேன்.

நோம்பி என்று ஆட்கள் யாரும் வரவில்லை. காலையில் நான் மட்டும் குடோனுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வந்தேன். மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்தேன். அந்தப் பக்கம் ராக்கியப்பன் பேத்தியை வைத்துக்கொண்டு வெடி வெடித்துக்கொண்டே இருந்தான். ராக்கெட் ஒன்று எங்கள் வேப்பமரத்தில் வந்து செருகிக்கொண்டது. இதை நானே பார்த்தேன், யாரிடமும் சத்தியம் செய்வேன். அப்புறம் கண்ணயர்ந்துவிட்டேன். சுகந்தாமணி போட்ட கூச்சலில் எழுந்து ஓடினால் குடோன் கதவுச் சந்தில் புகை. கந்தக நெடி மூக்கைப் பிடுங்கியது. தீபாவளிக்கு ஊரே அந்த நெடிதான், இதிலென்ன அதிசயம்?

கொப்பரை பிடித்துக்கொண்டால் அணையாது. எண்ணெய் உருகி ஓடி, ஓடிய இடமெல்லாம் எரியும். வெள்ளக்கோவிலிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் கூரை சிமெண்டு ஷீட்டுகள் படார் படாரென்று வெடித்து விழுந்தன.

முதல் ஆளாக ஓடி வந்தது ராக்கியப்பன். மோட்டார் ஹோசை இழுத்துக்கொண்டு வந்தான். "தள்ளிக்கிங்ணா, தள்ளிக்கிங்க" என்று என் தோளைப் பிடித்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். தேங்காய் உரிக்கிற கடப்பாரை சுவரில் சாத்தியிருந்தது. எடுத்தேன்.

முதல் அடி தோளில். "தீ வெச்சுப்போட்டு அணைக்க வாறயாடா?" என்றேன். அடுத்தது கையில். எலும்பு முறிந்த சத்தம் அந்தத் தீச்சத்தத்திலும் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவன், "அண்ணா, நானில்லீங்ணா" என்று எழப் பார்த்தான். மூன்றாவது முகத்தில் விழுந்தது, இடது கண்ணில். ஹோஸ் அவன் பக்கத்தில் கிடந்து தன் பாட்டுக்குத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. மண்ணில் ஓடிய தண்ணீர் சிவந்து போனது. நான்கு பேர் சேர்ந்து என்னை அமுக்கிப் பிடித்தார்கள். இல்லாவிட்டால் நான்காவதும் விழுந்திருக்கும்.

வேலிக்கு அப்பால் அவன் பேத்தி யாழினி பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அழவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தது.

எழுதிவிட்டேன், டாக்டர். இறங்கவில்லை.

சுகந்தாமணி வலது கையில் துணி சுற்றியிருக்கிறாள். முறுக்குச் சுடும்போது எண்ணெய் தெறித்ததாம். ஊர் எரிகிறபோது இவளுக்கு முறுக்கு.

அக்டோபர் 23, வியாழன்

ராக்கியப்பனைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இடது கண்ணை எடுத்தாகிவிட்டது என்று சேதி வந்தது.

ஸ்டேஷனில் என் புகாரையும் எழுதிக் கொடுத்தேன். முன்பகையில் வேண்டுமென்றே தீ வைத்தான் என்று. அவர்கள் தரப்பில் என்மேல் ஒன்று. ஊர்க்காரர்கள் என் பக்கம்தான். "தீ வெச்சவன அடிக்காம மடியில வெச்சுக் கொஞ்சுவாங்களா?" என்று டீக்கடையில் பேச்சு. இன்ஸ்பெக்டர் மட்டும் இழுத்தார்.

"அவரு தீ வெச்சது நெசம்னா உங்க அடிக்கு ஒரு நாயம் இருக்குது. இல்லீன்னு ஆச்சுன்னா கண்ணு போன கேசுல நீங்கதான் உள்ள போவீங்க. ரெண்டுல ஒண்ணு."

இரண்டில் ஒன்றுதான். குடோன் இன்சூரன்சுக்கும் அதுவேதான். அந்தப் பணம் வராவிட்டால் களத்தையும் வீட்டையும் பாங்கிக்காரன் எடுத்துக்கொள்வான். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அக்டோபர் 25, சனி

இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூக்கில் கைக்குட்டை. சாம்பலில் கால் படாமல் நடந்தார். கேள்வி மேல் கேள்வி. கதவைப் பூட்டியது யார், சாவி யாரிடம், கடைசியாக உள்ளே போனது யார். எல்லாவற்றுக்கும் பொறுமையாகத்தான் சொன்னேன். அப்புறம் மெதுவாக, "சரக்கு ஈரமா இருந்ததா? உள்ளே ஏதாவது உலர்த்துற வேலை நடந்துச்சா?" என்றார்.

அவருடைய சட்டைக் காலர் என் கையில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கண்ணாடி கீழே விழுந்தது, அதன்மேல் என் செருப்பு விழுந்தது. வண்டியில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டுதான், "ரிப்போர்ட்ல எழுதறேன்" என்றார்.

சாயங்காலம் கமிஷன் மண்டி தங்கமுத்து வந்தான். என் வயசுக்காரன். என்னைத் திட்ட உரிமை உள்ளவன்.

"ஏப்பா சிவமலை, நீ வாயத் தொறந்தாக் கெடுது, கையத் தொறந்தா அதவிடக் கெடுது. உனக்காகப் பேசறதுக்கு ஒரு ஆளை வெய்யி. கம்பெனிக்கு ஒரு சர்வேயர் இருக்கறாப்பல நம்ம பக்கம் நின்னு நட்டத்த மதிச்சு எழுதிக் குடுக்கற ஆளுங்களும் இருக்கறாங்க. கோயமுத்தூர்ல எஸ்தர்னு ஒரு அம்மா. போன வருசம் நூல் மில்காரருக்கு மூணு வருசமா வராத பணத்த வாங்கிக் குடுத்துச்சு."

"பொம்பளையா?"

"ஆம்பள நீ பேசித்தான் இன்னைக்குக் கண்ணாடி ஒடஞ்சுது" என்றான்.

அக்டோபர் 28, செவ்வாய்

எஸ்தர் மேடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, காலில் வயல் வேலைக்காரர்கள் போடுகிற ரப்பர் பூட்ஸ், தோளில் துணிப்பை. பையில் சின்னக் கொத்து, பிரஷ், டார்ச். வந்ததும் உட்காரவில்லை, சாம்பலுக்குள் நேராக இறங்கினார். மூக்கை மூடவில்லை, முகர்ந்தார்.

"வர்ற தொகையில நூத்துக்கு எட்டு எனக்கு. வரலீன்னா ஒண்ணுமில்லை. ஆனா ஒரு கண்டிசன். வக்கீலுக்கும் வைத்தியனுக்கும் மறைக்கக் கூடாதும்பாங்க. மூணாவதா என்னையும் சேத்துக்குங்க."

"மறைக்கறதுக்கு என்னுங்க இருக்குது? பங்காளி தீ வெச்சான். வெளி ஆளு வெச்ச தீக்குப் பாலிசி உண்டுதானுங்களே?"

"உண்டுங்க. வெச்சதுதான்னா" என்றார். குடோனைச் சுற்றிக் கயிறு கட்டினார். "யாரும் எதையும் தொடக் கூடாது. ஒரு ஆணியக்கூட. கம்பெனிக்காரங்க தோண்டறதுக்கு முன்னால நான் தோண்டிப் பாத்துரணும். ரெண்டு பக்கம் வேல முடிச்சுட்டு அடுத்த வாரம் வாறேன்."

சுகந்தாமணி காபி கொண்டுவந்தாள். இடது கையால் கொடுத்தாள். மேடம் வாங்கிக்கொண்டு, வலது கைத் துணியைப் பார்த்து, "என்னாச்சும்மா?" என்றார். "முறுக்குங்க" என்றாள். கேள்வி கேட்பதே இந்த அம்மாவுக்குத் தொழில்.

நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று தங்கமுத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 1, சனி

ராக்கியப்பன் மருமகன் குணசேகரன் ஆள்கூட்டிக்கொண்டு வந்தான். நான் மண்டிக்குப் போயிருந்த நேரம். டிராக்டர் விளக்கையும் சீட்டையும் அரிவாளால் கொத்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் நாய் ராஜா குறுக்கே போய்க் குரைத்திருக்கிறது. வாசற்படியில் கிடந்தது. கழுத்தில் ஒரே வெட்டு.

குழி தோண்டிப் புதைத்தேன். மண்வெட்டியைக் கழுவினேன். அதே மண்வெட்டியோடு வேலியைத் தாண்டினேன்.

சோலார் டிரையரில் ஒரு கண்ணாடிப் பலகை மிச்சமில்லை. உடைக்க உடைக்கச் சுகமாக இருந்தது. உள்ளே தட்டுத் தட்டாக வெள்ளைக் கொப்பரை. அதையும் வாரி மண்ணில் இறைத்தேன். குணசேகரன் ஓடி வந்தான். மண்வெட்டிக் காம்பால் வயிற்றில் ஒரு குத்து, மடிந்து உட்கார்ந்தான். பெண்கள் வந்து நடுவில் விழுந்தார்கள். ராக்கியப்பன் வீட்டுக்காரி ஒரு கை மண்ணை வாரி என்மேல் தூற்றினாள். "கண்ணப் புடுங்குனது பத்தாதாடா பாவி? எம் பேத்தி அன்னைக்கிருந்து ஒரு வார்த்தை பேசுலயேடா!"

யாழினி தூணைக் கட்டிக்கொண்டு நின்றது. என்னைக் கண்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டது.

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததும் கயிற்றைத் தாண்டிக் குடோனுக்குள் போனேன். ஒரு சாமான் எடுக்க வேண்டியிருந்தது. மேடம் தோண்டுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் நல்லது. குவியல் இருந்த நடு இடத்தில் கையால் கிளறினேன். ஷீட் ஆணி ஒன்று உள்ளங்கையைக் கிழித்தது. சாம்பல், கருகிய சாக்கு, உருகிய தார்ப்பாய்க் கட்டி. இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. சுவர்வரை கிளறினேன். இல்லவே இல்லை.

யார் எடுத்தது? குணசேகரனா? சர்வேயர் ஆள் வைத்து எடுத்தானா? மேடமே எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் நடிக்கிறாரா?

காலைச் சோறு வைக்கும்போது சுகந்தாமணி, "எதையத் தொலாவுனீங்க?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். தட்டை வீசினேன். எவர்சில்வர் தட்டு, விளிம்பு புருவத்தில் பட்டுக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொண்டே சிதறிய சோற்றை ஒரு கையால் கூட்டி அள்ளினாள். அழுதிருந்தால் பரவாயில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

மேடம் வந்து காலை முழுக்கத் தோண்டினார். பிரஷ்ஷால் கூட்டிக் கூட்டித் தரையை வெளியே எடுத்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. ராக்கெட் கூரையில விழுந்திருந்தா மேலிருந்து எரிஞ்சு கீழ எறங்கணும். சன்னல்ல பூந்திருந்தா செவுத்தோரம் கருகியிருக்கணும். பெட்ரோல் ஊத்தியிருந்தாக் கதவோரம். இது குவியலுக்கு நடுவுல, தரையிலிருந்து கெளம்பியிருக்குது."

சிமெண்டுத் தரை ஒரு இடத்தில் மட்டும் வட்டமாகப் பொரிந்து போயிருந்தது. அதைச் சுற்றி மஞ்சளாகப் படலம்.

"இந்த எடத்துல ஏதோ ஒண்ணு இருந்திருக்குது. அடி வட்டமான சாமான். இப்ப அதக் காணோம். ஆரோ கையப் போட்டுக் கெளறியிருக்கறாங்க, அது புதுசு. அதுக்கு முன்னாலயே அது போயிருச்சு." என் உள்ளங்கைக் கட்டைப் பார்த்தார். "சிவமலை சார், தார்ப்பாய்க்கு உள்ள என்ன வெச்சீங்க?"

கடப்பாரையை எடுத்தேன். அதே கடப்பாரைதான், போலீஸ்காரர்கள் வேறொன்றைத்தான் எடுத்துப் போயிருந்தார்கள். அவர் தலைக்கு மேல் ஓங்கினேன். அவர் ஓடவில்லை. உதடு வெளுத்துவிட்டது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அடிக்கறதுன்னா அடிங்க. கம்பெனி அனுப்பற அடுத்த ஆளும் இதே எடத்துல வந்துதான் நிப்பாரு. எத்தன பேர அடிப்பீங்க?"

பக்கத்துச் சுவரில் இறக்கினேன். வெந்த செங்கல் சுவர், இடுப்பளவுக்குச் சரிந்தது.

அவர் வெளியே வந்து திண்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சுகந்தாமணி புருவக் காயத்தோடு நின்றாள். இன்றைக்கு அவள் கையில் துணி இல்லை. மேடம் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"எண்ணெ தெறிச்சாப் புள்ளி புள்ளியா இருக்கும்மா. இது கோடு."

சுகந்தாமணி கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள். மேடம் பூட்ஸைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"சரக்கச் சூடு பண்றப்பவோ காய வைக்கறப்பவோ புடிச்ச தீக்குப் பாலிசியில எடமில்லீங்க. நீங்க நெசத்தச் சொன்னாக் காசு வராது, எனக்கும் எட்டு வராது. அது எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தன் தலையில பழியப் போட்டு வாங்கற காசுக்கு நான் எழுதிக் குடுக்கமாட்டேன். திங்கக்கெழமை வரைக்கும் பாப்பேன்."

எட்டு சதவீதத்துக்கு வந்தவர் எனக்கு நீதி சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்தக் கையை நானும் பார்த்தேன். உள்ளங்கைக்குக் குறுக்கே வளைந்த கோடு, தோல் உரிந்து செம்பருத்தி நிறத்தில். பத்தொன்பது நாளாக என் பக்கத்தில் சோறு போட்ட கை.

நவம்பர் 10, திங்கள்

காலையில் ராக்கியப்பன் வந்தான். தனியாக. ஒரு கையில் மாவுக்கட்டு, இடது கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்தது. உடம்பு பாதியாகிவிட்டது. வேலிப் படல்கதவு காலில் தட்டித் தடுமாறி உள்ளே வந்தான். நான் எழுந்து கடப்பாரை எங்கே என்று பார்த்தேன். சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, நான் ஸ்டேசன்ல ஒத்துக்கறேன். நாந்தான் வேணும்னு தீ வெச்சேன்னு எழுதிக் குடுத்தர்றேன். உங்குளுக்கு இன்சூரன்சு வந்துரும். என்மேல கேசு நடக்கட்டும், செயிலுக்கு வேணாலும் போறேன்."

எனக்கு விளங்கவில்லை. "எதுக்குடா?" என்றேன்.

"யாழுக்குட்டி விட்ட ராக்கெட்டுங்ணா. நாந்தான் பத்த வெக்கச் சொல்லிக் குடுத்தேன். ஒண்ணு இந்தப் பக்கமா வந்துது, அது எங்க போச்சுன்னு பாக்குல. வேணும்னு இல்லீங்ணா. புள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னையிலிருந்து பேசறதில்ல, நான் பக்கத்துல போனா இந்தக் கண்ணத் தொட்டுப் பாக்குது, உள்ள ஓடிருது. போலீசு வந்து புள்ளயக் கேள்வி கேட்டாச் செத்துரும். அது பேரு மட்டும் எங்கயுமே வரக் கூடாது. நீங்க அடிச்சது சரிதானுங்ணா. நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்."

எனக்கு வேண்டியது எல்லாம் அந்த வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. வீடு, களம், பாங்கிக் கடன், கேஸ் எல்லாம் தீர்ந்தது. ஒரு தலையாட்டல் போதும்.

அடித்தேன். வெறுங்கையால், கன்னத்தில், பஞ்சு ஒட்டிய பக்கத்தில். அவன் சாய்ந்தான். மறுபடி தூக்கி நிறுத்தி அடித்தேன். "மன்னிப்பா கேக்கற? எங்கிட்டயா கேக்கற?" என்று கத்தினேன். இதுவரை வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை, டாக்டர். இது வேறே. எதிர்த்து ஒரு கை ஓங்கமாட்டானா என்றிருந்தது. பஞ்சு விழுந்து அந்தக் குழி தெரிந்தது. அவன், "அடிங்ணா, அடிங்ணா" என்றான்.

பின்னால் சிமெண்டில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. சுகந்தாமணி. மாட்டுக்கொட்டகைத் தவிட்டுத் தொட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். புகைச் சட்டி. கருகி, ஒரு பக்கம் நெளிந்து, விளிம்பில் மஞ்சள் கட்டி ஒட்டியிருந்தது.

"தீயணைப்பு வண்டிக்காரங்க போனதும் நாந்தான் எடுத்தேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அவனிடம் சொன்னாள். "இவரக் காப்பாத்தலாம்னு எடுத்தேன். கொதிச்சுக் கெடந்துது. போதுஞ் சாமி. இனி என் கையில வெச்சிருக்க முடியாது."

தொழில்காரனுக்குச் சட்டியைப் பார்த்தால் போதும். ராக்கியப்பன் நல்ல கையால் அதை எடுத்து முகர்ந்தான். ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். நான் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். கடப்பாரை அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"அப்ப ராக்கெட் இல்லீங்களாண்ணா?" என்றான்.

சுகந்தாமணி, "இல்ல தம்பி" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். வாயில் ரத்தத்தோடு சிரித்தான். சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து ஓடினான். ஒரு கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை, வேலிக் கல்லில் மோதி விழுந்தான். எழுந்து மறுபடி ஓடினான். "யாழு! யாழுக் கண்ணு! நீ இல்ல சாமி! நீ இல்ல!" அந்தச் சத்தம் வீட்டுக்குள் போய், உள்ளேயும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. தீப்பிடித்த நாளிலிருந்து அழாத பிள்ளை.

நவம்பர் 13, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கினேன். எஸ்தர் மேடம் சொன்னதால்தான் போனேன், வேறு காரணம் இல்லை. அவரும் கம்பெனிக்குக் காரணத்தை எழுதி அனுப்பிவிட்டார். "உங்க தரப்பு ஆளா இருந்து இதத்தான் என்னால பண்ண முடிஞ்சுது" என்றார். எட்டு சதவீதத்தைப் பற்றிப் பேச்சில்லை. போகும்போது சுகந்தாமணியின் கைக்கு ஒரு களிம்பு கொடுத்துவிட்டுப் போனார்.

இன்ஸ்பெக்டர் கார்த்திகை தீபம் முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். துணிமணி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

நவம்பர் 19, புதன்

தினமும் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். படலைத் திறந்தே போட்டிருக்கிறேன். குணசேகரன் அரிவாளோடு வருவான், இல்லை அவன் ஆட்கள் வருவார்கள். வந்தால் கை தூக்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். யாரும் வரவில்லை. இதைவிட வெட்டியிருக்கலாம்.

சுகந்தாமணியின் தம்பி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது எனக்கு ஒரு வாரத்துக்குப் புளிக்குழம்பு வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 3, புதன், கார்த்திகை

விளக்கு வைக்கிற நேரம். நான் வைக்கவில்லை. துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் வேலி நெடுக அகல் விளக்கு ஏற்றியிருந்தார்கள். தீபாவளிக்கு மிஞ்சிய வெடியை எடுத்திருப்பார்கள் போல. சீறிக்கொண்டு ஒரு ராக்கெட் கிளம்பியது.

காற்று இந்தப் பக்கம். வளைந்து, வேப்பமரத்தைத் தாண்டி, கூரையில்லாத குடோனுக்குள் விழுந்தது. நான் எழுந்துவிட்டேன். பொறி பறந்து, புஸ்ஸென்று அணைந்தது. எரிய அங்கே ஒன்றும் இல்லை.

"தாத்தா, எரியுல பாரு!" என்று யாழினியின் குரல் கேட்டது.

"எரியாது சாமி" என்றான் ராக்கியப்பன். "ராக்கெட்டுக்கு அது எரியாது. நீ அடுத்ததப் பத்த வெய்யி."

நான் மறுபடி உட்கார்ந்தேன்.